சவுக்கு மரத்து ஆத்தா

என்னைப் பிடிவாதக்காரி என்று வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

எனக்கு அம்மை போட்டிருந்த வெயில் காலத்தில், புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற சவுக்கு மரத்தில் ஒரு அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. வெள்ளைச் சிறகு முழுக்கக் கறுப்புப் புள்ளி. என் மேலெல்லாம் இருந்த மாதிரியே. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தாதான் வந்துகீறா, யாரும் தொடக்கூடாது" என்று மரத்துக்கு மஞ்சள் துணி கட்டினாள். எனக்கும் முத்து இறங்கியது. அதற்கப்புறம் அது என் மரம். ஒரு பயலைச் சாய்ந்து நிற்க விட்டதில்லை.

மறு வருஷம் மரத்தில் ஓட்டை விழுந்து தூள் கொட்டியது. அத்தை அதையும் பிரசாதமென்று என் நெற்றியில் பூசினாள். பக்கத்து மனையில் சவுக்கங்கன்று நட்டிருந்த தாய்மாமன் மட்டும் கம்பியும் மண்ணெண்ணெயுமாக வந்தார்.

"உள்ள புழு கீதும்மா. குத்தி எடுக்கலன்னா மரம் பூடும்."

நான் மரத்தைக் கட்டிக்கொண்டேன். "ஆத்தா மேல கம்பி வுடுவியா நீ? மொதல்ல என்னைக் குத்து!"

எனக்குக் காது குத்தியபோது மடியில் வைத்திருந்த மனுஷர். முகம் செத்துப்போய்க் கம்பியைப் போட்டுவிட்டுப் போனார். ஜெயித்துவிட்டேன்!

ஐப்பசிக் காற்றில் மரம் முறிந்தது. முறிந்த இடத்தில் விரல் பருமனுக்குச் செக்கச்செவேலென்று ஒரு புழு. மாமா மிதிக்கக் காலைத் தூக்கினார். ஐயோ, வீடு போன புழுவையுமா? எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கட்டைத் துண்டோடு அதைப் பிடுங்கி, ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூடியில் ஓட்டை போட்டுத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டேன்.

பங்குனியில் ஒரு காலை, பாட்டிலுக்குள் அதே வெள்ளைச் சிறகு, அதே கறுப்புப் புள்ளி. புழுவைக் காணோம், வெறும் தோல்தான் கிடந்தது.

"பாத்தியா மாமா! ஆத்தா வந்து புழுவைத் தின்னுட்டா! உன் கம்பி இன்னாத்துக்கு?"

மாமா பாட்டிலைப் பார்த்தார். பிறகு இடுப்புயரம் வளர்ந்திருந்த தன் கன்றுகளைப் பார்த்தார்.

"தொறந்து வுட்டுடாத கண்ணு" என்று கெஞ்சினார்.

எனக்கா சொல்வது? மூடியைத் திறந்து, அவர் கன்றுகள் பக்கமாகவே ஊதிப் பறக்கவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மாமா தலையில் கைவைத்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பாவம், சாமி கும்பிடத் தெரியாத மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.