மூச்சு மிஷினுக்கு ஒரு துண்டு ஸ்பாஞ்சு

ஆரப்பாளையத்திலிருந்து கிளம்பிய டவுன் பஸ்ஸில் ஒரு சீட்டு கிழிந்து, ஆணி துருத்திக்கொண்டிருந்தது. பிள்ளைத்தாச்சி ஒருத்தி அதில் உட்காரத் தயங்கினாள். அன்னக்கொடி தன் இடத்தை அவளுக்கு விட்டுவிட்டு, பையிலிருந்த கத்தரிக்கோலின் பிடியால் ஆணியைத் தட்டி மடக்கினாள். கோணி ஊசியால் கிழிசலையும் தைத்தாள். அவனியாபுரம் வந்ததும் இறங்கப் போனாள். கண்டக்டர்கூட கவனிக்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சாவித்ரி மாமிதான் பார்த்தாள்.

“எங்கேம்மா வேலை பார்க்கறே?”

“மருதண்ணன் பட்டறையில மாமி. லாரிக்கும் பஸ்ஸுக்கும் சீட்டுத் தைக்கிறோம்.”

அன்னக்கொடி உசிலம்பட்டிப் பக்கம். மழை பொய்த்த வருஷம் புருஷனோடு பிழைக்க வந்தவள். அவர் காலமான பிறகு அவருடைய தையல் மிஷினிலேயே உட்கார்ந்து ஒற்றை மகளை வளர்த்தாள்.

மாமியின் கணவர் கைலாசநாதன் ஆபீசில் ஃபைலை விரித்த கையோடு தூங்கி விழுவார். படுத்தாலோ குறட்டை; குறட்டைக்கு நடுவே மூச்சே நின்றுபோகும். மாமி உலுக்கி உலுக்கி எழுப்புவாள். எண்பத்தேழில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மாமியின் தம்பி ஒரு மிஷின் கொண்டுவந்தான். பெட்டி அறைக் காற்றை இழுத்து, குழாய் வழியாக மூக்கில் செலுத்தும். இழுக்கிற வாயில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஸ்பாஞ்சு. தூசியெல்லாம் அதில் நின்றுவிடும். கைலாசநாதன் வருஷக்கணக்கில் காணாத தூக்கத்தைக் கண்டார்.

தாலிப் பாக்கியம் தந்த பெட்டி என்று மாமி அதைப் பூஜை அலமாரிக்குப் பக்கத்திலேயே வைத்தாள். அடுத்த ஆயுத பூஜையன்று மத்தியானம், அவர் குழாயை மாட்டிக்கொண்டு தூங்கும்போதே சந்தனம் குங்குமம் இட்டு, சாம்பிராணித் தட்டைப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். அம்புட்டுப் புகையையும் அது உறிஞ்சிவிட்டது. கைலாசநாதன் இருமிக்கொண்டே எழுந்தார்; அதற்குள் மாமி தட்டை அப்பால் கொண்டுபோய்விட்டாள். ஸ்பாஞ்சு கரியாக இருந்தது. மாமி தேங்காய் நாரால் தேய்க்க, அது பொடிப்பொடியாக உதிர்ந்தது.

ஸ்பாஞ்சு இல்லாமல் ஓட்டினால் தூசி நேரே நெஞ்சுக்குள் போகும். ஓட்டாவிட்டால் பழையபடி மூச்சு நிற்கும். தம்பிக்கு எழுதி, சாமான் வந்துசேர மாசமாகும். அதுவரை அவர் தாங்குவாரா? மாமிக்கு அந்தப் பஸ் சீட்டு ஞாபகம் வந்தது.

பட்டறையில் அன்னக்கொடி, மாமி கொண்டுவந்த துணுக்குகளை விரலால் நசுக்கிப் பார்த்தாள். சீட்டுக்குப் போடும் ஸ்பாஞ்சில் ஒன்றை வாயில் பொத்தி இழுத்தாள். “இது அடைக்குது.” இன்னொன்று காற்றை விட்டது, தூசியையும் விட்டது. மருது, மோட்டார் சைக்கிளில் காற்றை வடிகட்டும் ஸ்பாஞ்சு ஒன்றை நீட்டினார்.

“எண்ணெய் ஊறினதுண்ணே. எஞ்சினுக்குச் சரி, மனுசனுக்கு ஆகுமா?”

“லாரிக்கு மெத்தை தைக்கிறவ வைத்தியரம்மா ஆயிட்டா” என்று சிரித்தார் மருது.

“நீங்க ரெக்சினை வெட்டுங்கண்ணே.”

மூன்றாவது துண்டு கைக்கு வந்தது. அதை வாயில் பொத்திக்கொண்டு, பட்டறையில் மரத்தூள் பறக்க, அரைமணி நேரம் தைத்தாள். வெளிப்பக்கம் பழுப்பேறியது, வாய்ப்பக்கம் வெள்ளையாகவே இருந்தது. அதே ஸ்பாஞ்சில் புதிதாக நான்கு துண்டு வெட்டி, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட்டுக் கொண்டுவந்தாள்.

கைலாசநாதன் கேட்டார்: “எதனாலே இப்படி ஆச்சு?”

மாமிக்கு முகம் வெளுத்தது. அன்னக்கொடி அலமாரியைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள். “ஊர்த் தூசி சார். பெட்டியை அலமாரிக்குத் தள்ளி வைங்க.”

“நான்தான்னா புகை காட்டினேன்” என்று மாமியே சொல்லிவிட்டாள்.

“நல்லவேளை, கற்பூரம் ஏத்தலை” என்றார் அவர்.

பெட்டியை இடம் மாற்றி, அவர் படுத்தார். இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு மணி நேரம் மூச்சு தடங்கலில்லாமல் போய்வந்தது. மாமி மீனாட்சியை நினைத்துக் கண்ணை மூடினாள்.

தம்பியின் பார்சல் வந்த பிறகும் அன்னக்கொடி மாதம் ஒருமுறை வந்து ஸ்பாஞ்சைப் பார்த்துவிட்டுப் போவாள். இரண்டு வருஷம் கழித்து மகள் பிரசவத்துக்காகத் திருப்பூர் கிளம்பியவள், அங்கேயே தங்கிவிட்டாள். போகிற அன்று ஒரு டஜன் துண்டு வெட்டிக் கொண்டுவந்தாள். மாமி மதுரை வீரன் கோயில் திருநீறும் பூவும் கொடுத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அன்னக்கொடி சொன்னாள்:

“வாரேன் மாமி. புகை போடுற அன்னைக்கு மட்டும் சாரைப் பெட்டியோட அடுத்த ரூமுல படுக்கச் சொல்லுங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிறாது.”