நம் நாட்டின் பெயரை நீக்க மறுத்த அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவர்களுடைய நல்ல குணங்களை எழுதினால் போதும், அரசாங்கத்தோடு நடந்ததை எழுத வேண்டாம் என்று உறவினர் சிலர் அன்போடு சொன்னார்கள். அதை விட்டுவிட்டால் அக்காவைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

அக்கா கருவேப்பிலங்குறிச்சியில் பிறந்தார்கள். அப்பாவுக்கு விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வேலை கிடைத்ததும் குடும்பம் இங்கே வந்தது. சென்னையில் சட்டம் படித்த அக்கா, அறுபதுகளின் தொடக்கத்தில் இங்குள்ள நீதிமன்றத்திலேயே தொழில் தொடங்கினார்கள். பெண் வக்கீலைத் தேடி யாரும் வரவில்லை. முதலில் வந்தவள் அதே சூளையில் களிமண் பிசையும் அஞ்சலை. திருட்டுச் சந்தேகத்தில் போலீசார் பக்கத்து ஊர்க் காவல் நிலையத்துக்கு இழுத்துப்போன அவள் கணவன் பிணமாகத் திரும்பியிருந்தான்.

"படிக்கட்டுல உழுந்துட்டாருன்னு சொல்றாங்கம்மா" என்றாள் அஞ்சலை.

அக்கா பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். அந்தக் காவல் நிலையம் தரையோடு தரையாக இருந்த கட்டடம். படிக்கட்டே இல்லை. வழக்கைக் கைவிடச் சொல்லிப் போலீசார் மிரட்டினார்கள், எங்கள் வீட்டு ஓட்டில் கல் எறிந்தார்கள். அக்கா விடவில்லை. ஆண்டுகள் ஆனாலும், அடித்தவர்கள் சிறைக்குப் போனார்கள்.

அந்த வழக்கின் வழியாகத்தான் வெளிநாட்டு வழக்கறிஞர்களுக்கு அக்காவைத் தெரிந்தது. அக்கா பல நாட்டுச் சிறைகளுக்குள் சென்று கைதிகளின் நிலையை எழுதினார்கள். எழுபதுகளில் ஐரோப்பாவிலிருந்து இயங்கிய ஒரு சர்வதேச மனித உரிமை அமைப்புக்குத் தலைவரானார்கள்.

நெருக்கடி நிலை வந்தபோது, அப்பாவின் உடல்நலத்துக்காக அக்கா ஊரில் இருந்தார்கள். நாடு நாடாகச் சிறைக் கொடுமைகளைச் சொல்லும் அமைப்பின் அறிக்கையை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பெரிய அதிகாரி வீட்டுக்கு வந்தார்.

"வெளிநாட்டு ஜெயிலப் பத்தி என்னா வேணா எழுதுங்க. நம்ம நாட்டப் பத்தி மட்டும் வேணாங்க. தங்கச்சி வேற கவர்மெண்டு ஸ்கூல்ல டீச்சரா இருக்காங்க."

அக்கா என்னைப் பார்த்தார்கள்.

"நீ எழுதுக்கா" என்றேன்.

அக்கா அவர் பக்கம் திரும்பினார்கள். "அங்க அடிச்சா கொடுமை, இங்க அடிச்சா ஒழுங்குங்களா? அறிக்கையில நம்ம நாட்டுப் பேரு இருக்கும். காபி குடிச்சிட்டுப் போங்க."

அக்காவின் பாஸ்போர்ட்டைப் பறித்தார்கள். என்னைத் தொலைதூரப் பள்ளிக்கு மாற்றினார்கள். அமைப்பிலிருந்தவர்களே, இந்த ஒரு தடவை அறிக்கையில் இந்தியாவை விட்டுவிட்டால் நீங்கள் திரும்பி வரலாமே என்று கேட்டார்கள். நாட்டின் பெயரை எடுப்பதானால் முதலில் என் பெயரை எடுங்கள் என்று டிரங்க் காலில் அக்கா சொல்லிவிட்டார்கள். பெயரோடுதான் அறிக்கை வந்தது. பாஸ்போர்ட் இல்லாத தலைவராக, காலையில் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டே, விருத்தாசலத்திலிருந்து அந்த அமைப்பை நடத்தினார்கள். ஆட்சி மாறியபின் பாஸ்போர்ட் திரும்பியது. அதற்குள் அக்காவின் இதயம் கெட்டிருந்தது. "அப்பவே கொஞ்சம் வளைஞ்சு போயிருக்கலாம்" என்று ஆஸ்பத்திரியில் ஒரு மாமா சொன்னார். "வளைஞ்சிருந்தாலும் சாவு வந்திருக்கும் மாமா" என்றார்கள் அக்கா.

அக்கா மணம் செய்துகொள்ளவில்லை. எங்களுக்குச் சகோதரர் இல்லை. அக்கா இறந்த அன்று, பங்காளி ஒருவர் கொள்ளி வைக்கட்டும், பெண் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று உறவினர்கள் சொன்னார்கள்.

"கடைசி வரைக்கும் கூட நின்னவ நானு. நானேதான் வெப்பேன்" என்றேன்.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரக் கேட்ட மனுவில் அக்காவுக்காகக் கையெழுத்திட்டு ஆபத்தை ஏற்ற வழக்கறிஞர்களுக்கும் எங்கள் நன்றி. தெரு முனையில் மறித்து நின்றவர்களை விலக்கி, கொள்ளிச் சட்டியை என் கையில் கொடுத்து, மணிமுத்தாற்றங்கரை வரை என் இருபுறமும் நடந்து வந்த சூளைத் தொழிலாளர்களுக்கு என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.