படியில் ஒன்பது மூட்டைகள்

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் சந்துக்குள் ஒரு கடைவீடு எரிந்துபோனது. அதை இரண்டடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் திரும்பக் கட்டுவது என் வேலை. நில அளவை அலுவலகம் ஒன்றில் நான் கட்டட மாதிரிகள் செய்கிறவன். உத்தரத்துக்குச் சாத்தே இறைச்சி கோக்கும் குச்சி, கைப்பிடிக்குத் தீக்குச்சி, பின்கதவுக்குப் பால் டின் தகரம். கரி பிடித்த சுவர் வேண்டுமென்றால் மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டினால் போதும். அடுப்புத் தீக்கே பின்வாங்குகிற நான் பொய்த் தீயில் கெட்டிக்காரன்.

கீழே வெங்காயக் கிடங்கு, மேலே வாடகை அறைகள். இரவு வேலை முடித்துவந்து பகலில் தூங்கிய துறைமுகத் தொழிலாளி ஒருவர், பின்படியில் இறந்து கிடந்தார். படி காலியாகத்தான் இருந்தது, போதையில் தடுக்கி விழுந்துவிட்டார் என்றார் கிடங்கு வைத்திருந்த கடைக்காரர். தேக்கா சந்தைக்குப் போயிருந்ததால் பிழைத்த மனைவியோ, படி நிறைய மூட்டை என்றார். நான் மறுநாள் காலையில் அளக்கப் போனபோது படியில் கருகிய மூட்டைகள் ஒன்பது இருந்தன. அடுத்த நாள் படியைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

பார்த்ததை விடுகிற புத்தி எனக்கில்லை. காயத்துக்குக் கட்டும் துணியைக் கோப்பி சக்கையில் ஊறவைத்து, பெருவிரல் அளவுக்குப் பை தைத்து, உள்ளே கடுகு நிரப்பி, படியில் ஒட்டினேன்.

எங்களை அமர்த்தியது கடைக்காரரின் வக்கீல். மரண விசாரணையன்று காலையில், என் மேலதிகாரியான யாழ்ப்பாணத்துப் பெரியவர் மாதிரியைக் குனிந்து பார்த்தார்.

"என்ன ஐசே இது? கட்டடத்தைத்தானே கேட்டவை. மூட்டையை ஆர் கேட்டது?"

"படியில இருந்துச்சு சார்."

"அது எங்கட வேலையில்லை. கழட்டும்."

வீரமாக எதிர்த்து நின்றேன் என்று எழுத ஆசைதான். கழற்றினேன். ஒன்பதையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

விசாரணை மண்டபத்தில் மாஜிஸ்திரேட் மாதிரியின் கூரையைத் தூக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு பென்சிலால் தொட்டு, படியில் இது என்ன தழும்பு என்று கேட்டார். கோந்துத் தழும்புகள். அவசரத்தில் சுரண்ட மறந்திருந்தேன்.

எட்டு வருஷம் படித்த இங்கிலீஷ் என்னைத் தனியே விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டது. மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

"மூட்டைங்க," என்றேன்.

"எங்க மூட்டை?"

சட்டைப்பையைக் காட்டினேன். மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள்.

"யாரு கழட்டச் சொன்னது?"

பெரியவர் முதல் வரிசையில் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

"நானேதாங்க."

அன்று என் தைரியம் ஒரு மூட்டை அளவுதான். அதுவும் கடுகு மூட்டை.

இருந்த இடத்தில் வைக்கச் சொன்னார்கள். வைக்கும்போது ஒன்று உருண்டு எழுத்தரின் மைக்கூட்டருகே விழுந்தது. எடுத்துக் கொடுத்தவர் இறந்தவரின் மனைவி. அழவில்லை. நான் வைக்க வைக்க ஒவ்வொன்றையும் பார்த்தார். கடைசி மூட்டைக்கும் தகரக் கதவுக்கும் நடுவே விரல் வைத்தார். மூன்று விரல் கொண்டது.

"இவ்ளோதானா தம்பி?"

"ஆறே படிதான் அக்கா. மூட்டையத் தாண்டியிருந்தா வாசல்."

சொல்லியிருக்கக் கூடாது. வாய் என்னுடையது, என்ன செய்ய.

அந்த வாரமே தீர்ப்பை வாசித்தார்கள். விபத்து மரணம், பின்படி பொருட்களால் அடைபட்டிருந்தது. வெளியே வந்து அந்த அக்கா மொழிபெயர்ப்பாளரை நிறுத்தினார்.

"அவரு குடிச்சிருந்தாருன்னு எழுதலையே?"

"இல்லம்மா."

"இன்னொருவாட்டி படிச்சுப் பாருங்க."

அவர் மறுபடி படித்தார். எழுதவில்லை. படியில் மூட்டை அடுக்கியது யாரென்றும் எழுதவில்லை. அதை அக்கா கேட்கவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, கேலாங் பஸ் எங்கே நிற்கும் என்று மட்டும் என்னிடம் கேட்டார்.