இறங்காத பொத்தான்

ஒரு பொருளைச் சத்தம் வரக் கீழே வைத்தால் செத்துப்போவோம் என்ற நினைப்போடு என்றைக்காவது வேலை பார்த்திருக்கிறீர்களா? ஓவியா எட்டு வருடமாகப் பார்க்கிறாள். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற வேலை. நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் சீசன் வந்தால் ஒன்பது பேர். ஒரு உரசல், ஒரு இடி போதும். அதனால் அங்கே கிண்ணத்தைக்கூட அலுங்காமல்தான் வைப்பார்கள்.

அந்தக் கையோடுதான் விருதுநகரில் நடந்த சதுரங்கப் போட்டியின் கடைசி ஆட்டத்துக்கு உட்கார்ந்தாள். ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகும் அணியில் இடம். எதிரே வெள்ளைக் காய்களோடு நவநீதகிருஷ்ணன், வங்கி அதிகாரி. ராணிக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித் தொடங்கினார்.

ஓவியா கிங்ஸ் இந்தியன் ஆடினாள். செல்போனில் பார்த்துப் பழகியது. பலகையின் நடுவை எதிராளியே பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, மந்திரியை ஓரமாக நிறுத்தித் தூரத்திலிருந்து குறிவைத்து, ராஜாவைக் கோட்டைக்குள் பத்திரப்படுத்திக் காத்திருக்கிற தற்காப்பு அது. நடுவில் மூன்று சிப்பாய்களை நிறுத்திய அதிகாரி, பக்கத்து மேசைக்காரரிடம், "அம்புட்டு இடத்தையும் நமக்கே குடுத்துருச்சு இந்தப் புள்ள" என்று சிரித்தார்.

பதினெட்டாம் நகர்வில் சிரிப்பு நின்றது. அவர் கட்டிய நடுவை ஓவியாவின் சிப்பாய்கள் இடித்துத் திறந்தன. பிறகு அவள் குதிரை அவருடைய ராஜாவின் வாசலில் வந்து நின்றது. இன்னும் மூன்று நகர்வில் ஆட்டம் அவளுடையது.

குதிரையை வைத்த கையாலேயே கடிகாரப் பொத்தானை அழுத்தினாள், மருந்துக் கிண்ணத்தை வைக்கிற அதே மென்மையில். அது இறங்கினால்தான் அவள் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடும். பொத்தான் இறங்கவில்லை. அவளுக்கு மீதமிருந்த நாலு நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, நெற்றியில் கைவைத்து யோசிப்பதுபோல உட்கார்ந்துகொண்டார். தப்பிக்க வழி தேடுகிறார் என்று நம்பிய ஓவியா பலகையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நேரம் தீர்ந்ததும் அவர் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார். நேரம் தீர்ந்தவர் தோற்றவர் என்பது விதி.

"சொல்லிருக்கலாம்ல சார்" என்றாள்.

"ரூல்ஸ்ல அப்பிடி இல்லையேம்மா. கம்பெனிக் கைக்கு ஒரு பொத்தான அமுக்கத் தெம்பில்லையா?"

"ஓங்கி அமுக்கிப் பழகுனா அங்கன ஒம்பது பேரும் போயிருவோம் சார்."

தலையெழுத்து என்றார் நடுவர். தலையில் எவனும் எதுவும் எழுதவில்லை. நாலு பேர் அறையில் ஒன்பது பேரை அடைத்தவன் ஒருவன் இருக்கிறான். கண்ணால் கண்டும் வாய்மூடி இருந்தவர் ஒருவர் இருக்கிறார். ஓவியாவின் இடத்தைப் பறித்தது இந்த இருவர்தான்.

வீட்டில் ஒரு கடிகாரத்தை வைத்து ஓங்கி அழுத்திப் பழகச் சொன்னாள், கூட வேலை பார்க்கும் சோலையம்மாள். ஓவியா மறுத்துவிட்டாள். வீட்டில் பழகுகிற கை, மருந்தறையில் ஒரு நொடி மறந்துவிட்டால்? அடுத்த வருடமும் அவள் இதே கையோடுதான் வருவாள்.

மாற வேண்டியது அவள் கை அல்ல. எதிரே இருப்பவரின் பொத்தான் இறங்கவில்லை என்று கண்டால் வாய்திறந்து சொல்லுங்கள். வருகிற தீபாவளிக்குப் பட்டாசுப் பெட்டியைக் கையில் எடுக்கும்போது, இதைச் செய்த அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை காசை நீட்டாதீர்கள்.