ஏழு சுவர்க்கடிகாரங்கள்

கைபேசியில் வீடியோ பார்த்து வீட்டை ஒழுங்குபடுத்தும் அறிவாளிகளில் நானும் ஒருவன். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்க வேண்டுமாம். பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கச் சாமான்களை எல்லாம் வாசலில் இறக்கியபோது, வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெயிண்டர் ஒல்லியானவர். இமையில்கூட நீலப் புள்ளிகள். பேசும்போது எதிலாவது காய்ந்திருக்கும் பெயிண்டைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டே இருப்பார்.

"பெட்டி பிரிக்காம இதெல்லாம் என்னங்க?" என்றார்.

"சுவர்க்கடிகாரம். ஏழும் கிரகப்பிரவேசத்துக்கு வந்தது. தூக்கிப் போட முடியாதுங்க, குடுத்தவங்க வந்தா கேப்பாங்க."

"இத்தன வருசமா வூட்டுக்கு வந்தாங்களே, யாராச்சும் கேட்டாங்களா?"

யாரும் கேட்டதில்லை. ஏழும் மறுபடி பரணுக்கே போயின.

வைகாசியில் அதியமான்கோட்டையில் பெயிண்டர் தனக்கெனக் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். பரணைக் காலி செய்ய எனக்கென்று ஒரு வழி கிடைத்துவிட்ட பெருமையில், ஒரு பெட்டியைத் துடைத்து எடுத்துப் போனேன். வாங்கியவர் அதன் மூலையைப் பார்த்தார். பொங்கலுக்கு அவர் தூரிகையிலிருந்து சொட்டிய நீலத்துளி அங்கே காய்ந்திருந்தது. நகத்தால் மெதுவாகச் சுரண்டினார்.

"இன்னிக்கே செவுத்துல மாட்டிடறனுங்க," என்றார். "நீங்க வந்தா கேப்பீங்க."

அதில் கேலி இருந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. பரணில் இன்னும் ஆறு இருக்கின்றன.