ஜப்பான் திரை

மில்லிக்கனில் போன் திருத்தும் கடை திறந்த நாள்முதல் எனக்கு ஒரே பல்லவிதான்: "ஜப்பான் திரை, யோசிக்காமல் போடுங்கோ." அப்போது விலை கூடிய போன் எதைக் கழற்றினாலும் உள்ளே பெரும்பாலும் ஒரு ஜப்பான் நிறுவனத்தின் திரைதான் இருக்கும். போன கிழமை, அது தொழிற்சாலைகளை மூடுகிறது என்ற செய்தியைப் பார்த்துப் பதறிப்போனேன். எனக்குத் திரை தரும் மொத்த வியாபாரியை உடனே அழைத்தேன்.

"இனி ஜப்பான் திரைக்கு நான் எங்கை போறது?"

"பகிடியே விடுறியள், அண்ணை? அது வாறது நிண்டு நாலு வருசம். உங்களுக்குத் தந்ததெல்லாம் சீனா."

"ஏன் சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

"நீங்கள் கேக்கேல்லையே."

அன்று காலையும் ஒரு அன்ரியின் போனை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "சீனாத் திரை எண்டால் எனக்குப் பாத்தவுடனை தெரியும்" என்று சொல்லியிருந்தேன்.