சங்கராபரணியில் தண்ணீர் வந்தால்

பாய்மரப் படகு வைத்திருப்பவனுக்குப் பாதிப் பொழுது காற்றுக்காகக் காத்திருப்பதில் போகும், மீதி தண்ணீருக்காக. அதிலும் கடலிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் தள்ளி, செஞ்சியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்துக்கொண்டு படகுக்கு ஆசைப்பட்டவன் பாட்டைக் கேட்கவே வேண்டாம். ஆசைப்பட்டு ஒன்றை வாங்கிவிட்டு அதை அனுபவிக்க முடியாமல் தவிப்பவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

காற்று இல்லாவிட்டால்?

கல்யாணத்துக்கு முன்பு சில வருஷம் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தேன். நடுக்கடலில் இருந்தும் கடலைப் பார்க்காமல், எண்ணெயும் இரைச்சலுமாகக் கழிந்த காலம். இன்ஜின் சத்தமே இல்லாமல் ஒருநாளாவது கடலில் போகவேண்டும் என்ற பித்து அப்போது பிடித்ததுதான். ஊர் திரும்பிக் கடை நிலைத்த பிறகு, புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் இந்த முப்பதடிப் படகை வாங்கினேன். உள்ளே நாலு பேர் படுக்கலாம், சமைக்கலாம். வாங்கிய புதிதில் மாமல்லபுரம் வரை போய் வந்தேன். பாயில் காற்று நிறைந்ததும் படகு லேசாகச் சாய்ந்து கிளம்பும் பாருங்கள், அந்த ஒரு நிமிஷத்துக்காக எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

கடையில் அதன் போட்டோவை மாட்டியிருக்கிறேன். தொண்டூரிலிருந்து எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிவந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இன்ஜின் எத்தனை எச்.பி. என்று கேட்டார். சின்ன இன்ஜின்தான், கரையை விட்டு வெளியே போகிற வரைக்கும். அப்புறம் காற்றுதான் என்றேன். காற்று இல்லாவிட்டால் என்றார். வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்போம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“த்ரீ பேஸ் கரண்டு எப்ப வரும்னு குந்தினு இருக்கறதே எங்களுக்குப் பெரிய டென்ஷனு. நீ இன்னாடான்னா கைக்காசப் போட்டு வாங்கிட்டு காத்துக்குக் குந்தினு இருக்கற!”

இடுப்பளவு

செஞ்சி மலைகளில் பெய்யும் மழைதான் சங்கராபரணி ஆறு. எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி நாள் அது வெறும் மணல். அதே ஆறு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கடலில் சேரும் இடத்தில்தான் என் படகு நிற்கிறது. ஆறு வெள்ளமாக வந்து தள்ளினால்தான் முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணல் விலகும். என் படகின் அடியில் கனமான இரும்புக் கட்டை தொங்குகிறது. ஐந்தடி ஆழம் இல்லாமல் நகராது. இரண்டு வருஷமாகச் சரியான மழை இல்லை. மீனவர்களின் பைபர் படகுகள் மணல்மேட்டை உரசிக்கொண்டு போய் வருகின்றன, என்னுடையது மட்டும் கட்டிப்போட்டபடி கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். தளத்தைக் கழுவுவேன், டீ போட்டுக் குடிப்பேன், நின்ற இடத்திலேயே பாயை ஏற்றி இறக்குவேன். மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்கும். படகைப் பார்த்துக்கொள்ளும் ஏழுமலை மீன்பிடிக்கிறவன். மூங்கிலை விட்டு ஆழம் பார்த்துவிட்டு, இடுப்பளவுதான் என்று உதட்டைப் பிதுக்குவான்.

“பந்தில குந்தியாச்சு, சாம்பார் வாசனையும் வருது, எல மட்டும் வரலண்ணா உனக்கு!”

கலைச்செல்வி ஏறினாள்

என் மனைவி கலைச்செல்விக்குப் படகின் பெயரே ‘அந்த மூதேவி’தான். அங்கே போய் அப்படி என்னதான் செய்கிறேன் என்று பார்த்துவிடும் தீர்மானத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை புளிசாதம் கட்டிக்கொண்டு கூடவே வந்தாள். சாப்பிட்டுவிட்டு உள்ளே சின்ன ஜன்னலோரம் படுத்தவள், சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. கரை மறைந்தபிறகு எப்படி இருக்கும் என்று கேட்டாள். சொன்னேன். இன்னும் சொல்லுங்கள் என்றாள். அன்றுவரை என் ஒருவனுடையதாக இருந்த ஏக்கம் அன்றோடு இரண்டு பேருடையதானது. சுமை பாதியாகும் என்றுதானே நினைப்பீர்கள்? இரட்டிப்பானது.

“தொட்டில்ல போட்டுட்டு ஆட்டாம வுட்டா எப்டிங்க? ஒருநாளு கடலுக்குள்ள கூட்டினு போங்க.”

ஜாலர்

வெயிலில் பாயின் தையல் விட்டுப்போனது. செஞ்சியில் பந்தல் துணி தைக்கும் தணிகாசலத்திடம் கொண்டுபோனேன். கல்யாண மண்டபத்து மாடியில் விரித்துப் போட்டு, முழங்காலிட்டு நகர்ந்து நகர்ந்து அருமையாகத் தைத்துக் கொடுத்தார். ஆனால் வெறும் வெள்ளைத் துணியாக அதை அனுப்ப அவருக்கு மனசே இல்லை.

“ஓரத்துல செவப்பு ஜாலர் குடுத்து நடுவுல ஒரு மயில் வெச்சிரலாம் சார். இப்டி மொட்டையா கட்டினா பொண்ணு வூட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க.”

தை மாத மழை

யாரும் எதிர்பாராத மழை அது. சம்பா அறுத்துக் களத்தில் கொட்டியிருந்த நேரம். ஊரே வானத்தைத் திட்டியது. எனக்கு மட்டும் உள்ளூரச் சந்தோஷம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பாலத்தில் நின்று செம்மண் தண்ணீர் புரண்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆற்றின் குறுக்கே இருக்கும் வீடூர் அணையைத் திறந்தார்கள். மறுநாள் ஏழுமலை போன் செய்தான்: முகத்துவாரம் திறந்துவிட்டது, ஆள் முழுகும் ஆழம், ஒரு வாரத்தில் மணல் மூடிவிடும், உடனே வா. தைத்து வாங்கி வீட்டில் வைத்திருந்த பாய்களைப் பையில் திணித்தேன். கலைச்செல்வி துணிமணியோடு வாசலில் தயாராக நின்றாள்.

அப்போதுதான் சிங்கவரத்திலிருந்து அவள் தம்பி சேகர் தொப்பலாக நனைந்து பைக்கில் வந்தான். நெல் இரண்டு குவியலாகக் களத்தில் கிடக்கிறது, செஞ்சிக் கடைகளில் ஒரு தார்ப்பாய்கூட மிச்சமில்லை என்றான். என் கையிலிருந்த பாய்ப் பையைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். கலைச்செல்விதான் பையைத் தூக்கி அவன் வண்டியில் வைத்தாள்.

நாங்களும் போனோம். இரண்டாவது குவியலில் பாயை விரித்துக் கயிறு கட்டுவதற்குள் வயலைத் தாண்டிக் காற்று வந்தது. பாய் உப்பி எழுந்தது. ஒரு முனையைப் பிடித்திருந்த கலைச்செல்வியைச் சேற்றில் இழுத்துக்கொண்டு போனது. விடு விடு என்று கத்தினேன். குதிகாலை ஊன்றிக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

“வுட மாட்டேங்க! இன்னாங்க இது, உசுரு இருக்கறாப்ல இழுக்குது!”

நெல் தப்பித்தது, பாய் காய்ந்து வீடு வந்தது, அதற்குள் மணல் மூடிக்கொண்டது. இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அடுத்த மழையாவது அறுப்புக்கு முன்னாலேயே பெய்து தொலைக்கட்டும் என்று.